பரங்கிப்பேட்டையை அறிவோம்: கப்பல் போன துறைமுகம், சபர் போகும் ஊர்

இணையத்தில் போர்ட்டோ நோவோ என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது நமதூர் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டின் தலைநகர் வரும். அடுத்து, அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஓர் ஊர் வரும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் நம் பரங்கிப்பேட்டை அதற்கெல்லாம் பிறகுதான் தென்படும். மூன்று ஊருக்கும் ஒரே பெயர் வந்ததற்குக் காரணமும் ஒன்றுதான். போர்ச்சுகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் புதிய துறைமுகம் என்று பொருள். கப்பல் கட்ட வசதியான இடம் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் யோசிக்காமல் வைத்துவிட்டுப் போன பெயர் அது.

வெளியூரில் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் நம்மில் பலர் சிதம்பரம் பக்கம் என்றோ கடலூர் மாவட்டம் என்றோ சொல்லி முடித்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் கதை தலைகீழாக இருந்தது. மலாக்காவிலும் அச்சேவிலும் இருந்த வணிகர்களுக்குச் சிதம்பரம் தெரியாமல் இருந்திருக்கலாம், நமதூரைத் தெரியும். அந்த ஊரைப் பற்றி நம் பிள்ளைகள் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் இருப்பிடம். கடலூருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில், வெள்ளாறு வங்கக் கடலில் சேரும் இடத்தின் வடகரையில் ஊர் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து வருபவர்கள் கடலூர் சாலையில் பி.முட்லூர் வரை வந்து கிழக்கே திரும்ப வேண்டும். ரயிலில் வந்தால் புதுச்சத்திரத்துக்கும் கிள்ளைக்கும் இடையில் நமதூர் நிலையம். ஆற்றுக்குத் தென்கரையில் கிள்ளை, முடசலோடை, அதற்கப்பால் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. இன்றைக்கு இது ஒரு பேரூராட்சி. அஞ்சல் குறியீட்டு எண் 608502.

ஊரின் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். பரங்கி என்பது பாரசீக, அரபு மொழிகளில் ஐரோப்பியரைக் குறித்த பரங், பிரங்கி என்ற சொல்லின் தமிழ் வடிவம். பரங்கிக்காய், பரங்கி மலை எல்லாம் அதே வழியில் வந்தவைதான். முஸ்லிம்கள் இந்த ஊரை மஹ்மூது பந்தர் என்று அழைத்தார்கள். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். பழைய ஆவணங்களிலும் தமிழ் முஸ்லிம் இலக்கியத்திலும் இந்தப் பெயரைக் காணலாம். மசூலிப்பட்டினத்தையும் மக்கள் பந்தர் என்றே சொல்லி வந்தார்கள். ஆக, ஆங்கிலேயர் எழுதிய போர்ட்டோ நோவோவும், அக்கம்பக்கத்துத் தமிழர் சொன்ன பரங்கிப்பேட்டையும், நம் முன்னோர் சொன்ன மஹ்மூது பந்தரும் ஒரே இடம்தான். மூன்று பெயருமே கடல் வழியாக வந்தவர்களைச் சுட்டுவதைக் கவனியுங்கள்.

போர்ச்சுகீசியர் இங்கே குடியேறியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அவர்களை அடுத்து 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என வரிசையாக வந்து பண்டகசாலை வைத்தார்கள். மேலே ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. செஞ்சி நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, பிறகு முகலாயர், அதன் பின் ஆர்க்காட்டு நவாபுகள். யார் ஆண்டாலும் துறைமுகத்தில் வரி வசூலானது. ஏனென்றால் சரக்கு நிற்கவில்லை.

அந்தச் சரக்கில் முதன்மையானது துணி. உள்நாட்டு நெசவாளர்கள் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணிக்குக் கடல் கடந்த கிராக்கி இருந்தது. அச்சே, கெடா, பேராக், மலாக்கா என்று மரக்கலங்கள் போயின. திரும்பும்போது வெள்ளீயம், மிளகு, பாக்கு போன்றவை வந்தன. இந்த வணிகத்தில் ஐரோப்பியருக்கு நிகராக, சில துறைகளில் அவர்களை விஞ்சியும் நின்றவர்கள் நம் மரைக்காயர்கள். மலாய் நாட்டில் அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் தொடங்கியபோது, பக்கத்துக் கெடாவில் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்த சூலியாக்கள் முதல் ஆட்களாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஜார்ஜ் டவுனிலும் சிங்கப்பூரிலும் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. அந்தத் தெருக்களில் நடந்த நமதூர்ச் சபராளிகள் எத்தனையோ பேர். பெயருக்கான காரணம் தெரிந்து நடந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

மரைக்காயர் என்ற சொல் மரக்கலத்திலிருந்து வந்தது என்பார்கள். மர்கப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டுக்கும் பொருள் கப்பல்தான், சண்டை போட ஒன்றுமில்லை. மாலுமி என்ற சொல்லும் அப்படித்தான். கற்றுக்கொடுப்பவர் என்று பொருள்படும் முஅல்லிம், கப்பலுக்கு வழி சொல்பவரைக் குறிக்கும் பெயராகி, தமிழில் மாலுமி ஆனது.

இந்த இடத்தில் சீறாப்புராணத்தைப் பேசாமல் போக முடியாது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாடிய உமறுப்புலவருக்கு முதல் புரவலர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. சீதக்காதியின் மறைவுக்குப் பின் காப்பியம் நடுவில் நின்றபோது புலவரைத் தாங்கிப் பிடித்தவர் யார்? பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவர் ஆதரவில்தான் நூல் தொடர்ந்தது, அரங்கேறியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நூலுக்குள்ளேயே புலவர் அவரைப் பல இடங்களில் நன்றியோடு பாடி வைத்திருக்கிறார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். துணி விற்ற காசு இப்படியும் செலவானது. நமதூரில் சீதக்காதியைத் தெரிந்த பிள்ளைகளுக்கு அபுல் காசிமைத் தெரியவில்லை என்பது எனக்குள்ள வருத்தம்.

இனி ஹைதர் அலி. பாடப்புத்தகத்தில் போர்ட்டோ நோவோ போர் என்று ஒரு வரி வரும். நடந்தது 1781 ஜூலை 1ஆம் தேதி. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூன் மாதத்தில், ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் சிதம்பரம் கோயிலில் அரண் அமைத்திருந்த ஹைதரின் படையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். கடலில் நின்ற தன் கப்பல்களின் துணையை நாடி நமதூருக்கு வந்தார். அவரைக் கடலூருக்குத் திரும்ப விடாமல் மடக்க ஹைதர் வடக்கே குறுக்கே வந்து நின்றார். கூட்டிடம் இருந்தது சுமார் எட்டாயிரம் பேர். ஹைதரின் படை அதைப்போல் பல மடங்கு. ஆனாலும் மணல்மேடுகளை மறைவாக வைத்துச் சுற்றிவந்த ஆங்கிலப் படை அன்று மாலைக்குள் ஜெயித்துவிட்டது. தெற்கே ஆங்கிலேயரை அடியோடு பெயர்க்கும் வாய்ப்பு அந்த மணலில் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹைதர் நோயால் இறந்தார்.

இந்தக் கதையில் நாம் பேசாமல் விடும் ஒரு பகுதி உண்டு. போருக்கு முந்தைய ஆண்டு, 1780 ஜூலையில், ஹைதரின் இளைய மகன் கரீம் தலைமையில் வந்த குதிரைப்படை இதே ஊரைக் கொள்ளையடித்தது. கொள்ளை போனதில் முஸ்லிம் வணிகர்களின் பண்டகசாலைகளும் சேர்த்திதான். ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை எதிர்த்த வீரர்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் செல்வம் சேர்ந்த துறைமுகம் எல்லாப் படைக்கும் இரை என்பதையும் மறைக்காமல் சொல்வதுதான் வரலாறு. ஊர் அந்த அடியிலிருந்து முழுமையாக எழுந்திருக்கவில்லை.

இரும்பாலைக் கதை

நமதூரில் இரும்பு உருக்கினார்கள் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். இரும்புத் தாதுவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆனாலும் 1830இல் இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் பெரிய இரும்பாலைகளில் ஒன்று இங்கே எழுந்தது. ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்தவர், வேலையை விட்டுவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கடன் வாங்கித் தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. கஞ்சமலை இரும்பின் தரம் அப்படி. பின்னாளில் சேலம் உருக்காலையை அதே மலையடிவாரத்தில்தான் கட்டினார்கள். அங்கிருந்து தாதுவைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரி வழியாகவும், கொள்ளிடத்திலிருந்து கால்வாய் வழியாகவும் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள். எரிக்க மரக்கரி. உருக்கிய வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. வேல்ஸில் மெனாய் நீரிணைமீது 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கும் இந்த இரும்பு போயிருக்கிறது என்று பதிவுகள் சொல்கின்றன.

ஏன் நிலைக்கவில்லை? ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி வேண்டும். காடு அழிய அழிய, கரி வரும் தூரம் கூடியது, விலை ஏறியது. இங்கிலாந்தில் நிலக்கரியில் உருக்கிய இரும்பு மலிவாகக் குவிந்தது. ஆலை கைமாறி, நொண்டி நொண்டி, 1860களில் மூச்சை விட்டது. ஹீத்தின் கதையும் சோகம்தான். உருக்கு தயாரிப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதைக் கொஞ்சம் மாற்றி, அவருக்குக் காசு கொடுக்காமல் பயன்படுத்தினார்கள். வழக்கு முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

துறைமுகம் எப்படிச் செத்தது

பலரும் ஏதோ ஒரு நாள் அரசாங்கம் துறைமுகத்தை மூடிவிட்டது போலப் பேசுகிறார்கள். அப்படி இல்லை. இது ஆற்று முகத்துவாரத் துறைமுகம். பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதுமாகப் பார்த்தால் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறு பெருகி வந்தால் திட்டு அறுபடும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மறுபடி மூடும். பாய்மரக் கப்பல் காலத்தில் இது தாங்கக்கூடிய தொந்தரவு. நீராவிக் கப்பல்கள் வந்து, கலங்கள் பெரிதாகி, சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டி, ரயிலும் ஓடத் தொடங்கிய பின் வணிகர் எதற்கு இங்கே வந்து படகில் மூட்டை இறக்க வேண்டும்? துணி வணிகத்தை மான்செஸ்டர் முன்பே விழுங்கிவிட்டது. டச்சுக்காரர்களோ 1824 உடன்படிக்கையின்படி இந்தியாவில் இருந்த இடங்களையெல்லாம் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்படிச் சிறுகச் சிறுகத்தான் ஊர் ஓய்ந்தது.

அதே மணல்திட்டு இன்றும் பிரச்சினைதான். அன்னங்கோயில், முடசலோடை இறங்குதளங்களிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களைக் கேட்டால் முகத்துவாரத்தைத் தூர்வாருவது பற்றித்தான் முதலில் பேசுவார்கள். தமிழக அரசின் சிறு துறைமுகங்கள் பட்டியலில் பரங்கிப்பேட்டையின் பெயர் இன்னும் இருக்கிறது. ஊருக்கு வடக்கே வந்த 1200 மெகாவாட் அனல்மின் நிலையத்தை ஒட்டித்தான் அந்தப் பெயர் இப்போது உயிரோடு இருக்கிறது. நாம் நினைக்கும் துறைமுகம் அல்ல அது.

கப்பல் நின்றாலும் ஆட்கள் போவது நிற்கவில்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று போனவர்களின் பேரன்கள் இன்று துபாய், சவூதி, குவைத் என்று போகிறார்கள். மீனம்பாக்கமும் திருச்சியும்தான் இப்போது நமக்குத் துறைமுகம். சொல் மட்டும் மாறவில்லை, சபர் சபர்தான்.

1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் நமதூரின் இரண்டு தர்காக்களைப் பற்றி எழுதியிருக்கிறது. தர்கா விஷயத்தில் ஊருக்குள் மார்க்க அடிப்படையில் கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அதை எடுக்கவில்லை, ஊர் வரலாறாக மட்டும் சொல்கிறேன். ஒன்று மாலுமியார் தர்கா. வாழ்ந்த காலத்தில் பெயர்பெற்ற கப்பல் தலைவராக இருந்தவர் என்றும், பத்துப் பன்னிரண்டு கப்பல்களிலும் ஒரே நேரத்தில் தென்பட்டார் என்று மக்கள் நம்பினார்கள் என்றும் கெசட்டியர் சொல்கிறது. கடலுக்குப் போகிறவர்களும் பத்திரமாகத் திரும்பியவர்களும் அங்கிருந்த உண்டியலில் காசு போடுவார்களாம். இன்னொன்று அரைக்காசு நாச்சியார். இவருக்கு ஒரு தம்பிடிக்கு மேல் காணிக்கை கூடாது. பணக்காரர்கள் பெரிதாகக் கொடுத்தால் பலிக்காது, அந்தச் சிறுகாசைக் கொண்டுவந்த பிறகுதான் பலிக்கும் என்ற நம்பிக்கை. அந்தக் காசுக்குச் சர்க்கரை கிடைக்காதவர்கள் சுண்ணாம்பு வாங்கிப் பூசியதால் அடக்கத்தலத்தில் சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். பெரிய தனவந்தர்கள் நிறைந்த ஒரு துறைமுகத்தில் ஏழையின் காசுக்கு மட்டுமே மதிப்பு என்று ஒரு கதை ஏன் பிறந்தது என்பது யோசிக்க வேண்டியது.

ஊரில் ஆதிமூலேஸ்வரர் கோயில் இருக்கிறது. கிரியா யோகத்தைப் பின்பற்றுவோர் பாபாஜி பிறந்த இடம் என்று நம்பி வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். மீராப்பள்ளி, வாத்தியாப்பள்ளி தெருக்களில் வளர்ந்த நமக்கு இவர்களெல்லாம் வழி கேட்டு வருவது பழகிய காட்சி.

விஞ்ஞான உலகத்தில் நமதூர்ப் பெயரை நிலைநிறுத்தியது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யாவின் முயற்சியில் 1961இல் இங்கே கடல் உயிரியல் நிலையம் அமைந்தது. ஆறு, கழிமுகம், அலையாத்திக் காடு, திறந்த கடல் நான்கும் நடந்து போகும் தூரத்திலும் படகு போகும் தூரத்திலும் கிடைக்கும் இடம் வேறு எங்கே? உலகமெங்கும் உள்ள ஆய்வு இதழ்களில் போர்ட்டோ நோவோ என்ற முகவரியோடு வந்த கட்டுரைகள் ஏராளம். நமதூர்ப் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தது குறைவு. வாசலில் இருக்கும் மையம் என்பதாலோ என்னவோ.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆற்றின் உள்ளே சற்றுத் தள்ளியிருந்ததால் ஊர் தப்பியது. சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, புதுக்குப்பம், சின்னூர், தென்கரையில் எம்.ஜி.ஆர். திட்டு என்று சுற்றியிருந்த மீனவக் குப்பங்களைச் சுனாமி அடித்துப் போட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு வாகனங்கள் வருவதற்கு முன்பே ஜமாஅத் இறங்கியது. கல்யாண வீட்டுக்காக ஆக்கிய சாப்பாடு அப்படியே மீனவ மக்களுக்குப் போனது. மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் திறக்கப்பட்டன. இளைஞர்கள் உடல்களை மீட்டு அடக்கம் செய்தார்கள். நாட்கணக்கில் சமையல் நடந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு அடுப்பில் ஏறியது அவர்கள் பிடித்த மீன்.

சுனாமிக்குப் பின் அதே ஆய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கரையில் 18 மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்தவற்றில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். உலகம் முழுக்க அது பேசப்பட்டது. தரையின் உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமுமே காரணம் என்று வேறு விஞ்ஞானிகள் மறுத்ததும் உண்டு. விவாதம் எப்படிப் போனாலும், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைப் புரட்டியபோது காட்டின் அருமையை மறுபடி நினைத்தோம்.

கடைசியாக ஒரு விஷயம். நமதூர் வரலாற்றை எழுத வருகிற ஆராய்ச்சியாளர்கள் லிஸ்பனுக்கும் ஹேக் நகருக்கும் லண்டனுக்கும் போகிறார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக்காரர் விட்டுப்போன ஏடுகள் இருக்கின்றன. அதாவது நம் பாட்டன்மார்களைப் பற்றி, அவர்களோடு போட்டி போட்ட வணிகர்கள் எழுதியதுதான் சான்றாக நிற்கிறது. நம் பக்கத்துச் சான்று எங்கே? பழைய வீடுகளின் மாடத்திலும் மரப்பெட்டியிலும் இருக்கிறது. கப்பல் கணக்கு, பங்குப் பத்திரம், நிக்காஹ் ஏடு, பினாங்கிலிருந்து வந்த கடிதம், அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதி. வீட்டை இடித்துக் கட்டும்போது இவற்றை என்ன செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அரபு எழுத்து இருக்கிறதே, குப்பையில் போடக் கூடாதே என்று கண்ணியம் கருதி ஆற்றில் விட்டுவிடுகிறோம். குர்ஆன் வசனம் எது, சரக்குக் கணக்கு எது என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இருக்கும்போதே ஒரு தடவை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். மையவாடிகளில் பழைய மீஸான் கற்களைப் பெயர்த்துப் போடும் முன் கைப்பேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். செலவு ஒன்றுமில்லை.

அடுத்த முறை ஊருக்கு வரும் சபராளிகள் ஒரு மாலை அன்னங்கோயில் பக்கம் போய் முகத்துவாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். படகுகள் திட்டைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். அந்த வளைவை எந்தக் கரையில் எடுப்பது என்று மாதத்துக்கு மாதம் மாறும். படகுக்காரர்களுக்கு அது மனப்பாடம்.